கேனான் 1500டி வாங்கலாமா என்று கேட்ட கரூர்த் தம்பிக்கு

கரூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய மாமா மகன் தன்னிடமுள்ள கேனான் 1500டி கேமராவை 18-55, 55-250 எம்எம் என்ற இரண்டு லென்ஸோடு (எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது கிட்டத் தெரியும்) குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறாராம். தம்பிக்குக் கோயில் சிற்பம், பறவை, ஊர்த் திருவிழா எல்லாம் எடுக்க ஆசை. கை பழகியதும் கல்யாண வேலைக்கும் போகலாம் என்று எண்ணம். "இதை வாங்கலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் காசு சேர்த்து மிரர்லெஸ் வாங்கலாமா? இதில் நல்லது என்ன, கெட்டது என்ன?" என்பது கேள்வி. (மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா. 1500டி கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகை.)

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சிற்பத்துக்கு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். திருவிழாவுக்கு என்றால் கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸுக்கும் காசு எடுத்து வையுங்கள். பறவை என்றால் உட்கார்ந்திருக்கும் பறவை வரைக்கும் இது போதும். கல்யாணத்துக்கும் வீடியோவுக்கும் மட்டும் இந்தக் கேமராவை நம்பி யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். காரணங்களைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் எந்த இடத்தில் இது கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் படம் எடுக்கப் பழகியது இதே வரிசையில் 2011இல் வந்த 1100டியில். இப்போது சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பலர் கையில் இருப்பது 1500டிதான். அதனால் இதன் குணம் எனக்கு நன்றாகவே பழக்கம்.

இந்தக் கேமரா 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் 1500டி என்று விற்பதைத்தான் ஐரோப்பாவில் 2000டி என்றும், அமெரிக்காவில் ரெபெல் டி7 என்றும், ஜப்பானில் கிஸ் எக்ஸ்90 என்றும் விற்றார்கள். இணையத்தில் பாடம் தேடும்போது இந்தப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள், நிறையக் கிடைக்கும். இதோடு கூடப் பிறந்தது 3000டி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் 3000டியில் 18 மெகாபிக்சல்தான், லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், திரையும் சின்னது. மாமா மகன் தருவது 1500டிதானா என்று முகப்பில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1500டியை ஒரே வரியில் புரிந்துகொள்ள வேண்டுமானால், பழைய உடம்பில் வைத்த புதுச் சென்சார் என்று சொல்வேன். 24.1 மெகாபிக்சல் சென்சார் இதற்கு முந்தைய 1300டியின் 18 மெகாபிக்சலைவிட நல்ல முன்னேற்றம். ஆனால் உள்ளே இருக்கும் டிஜிக் 4+ செயலி அப்போதே பழசு. ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. நான் பழகிய 1100டியிலும் அதே ஒன்பதுதான் இருந்தது. இதன் பலம் பெரும்பாலும் சென்சாரிலிருந்தும் லென்ஸ் மாட்டும் வாயிலிருந்தும் வருகிறது. பலவீனம் பெரும்பாலும் அந்தப் பழைய உடம்பிலிருந்து வருகிறது.

சென்சாரின் அளவு 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமரா சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பில் பல மடங்கு பெரிது. அந்தப் பரப்புதான் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. கன்னத்தில் விழும் நிழல் மெல்ல மெல்ல இறங்குவதும், பின்னணி உண்மையாகவே கரைவதும் அதனால்தான். இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இரவில் கைபேசி ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இரைச்சலைத் துடைத்துக் கொடுக்கும். 1500டி அப்படி எதுவும் செய்யாது. முதல் வாரம் கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படத்தைக் கைபேசிப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கைபேசிதான் பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் பலர் மனம் உடைந்துபோவது அந்த வாரத்தில்தான். ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பில் எடுத்து, கணினியில் நீங்களே வெள்ளைச் சமநிலையும் நிழலும் சரிசெய்யப் பழகிய பிறகு பெரிய சென்சாரின் அருமை தெரியும். ரா கோப்பைத் தொட மனம் இல்லையென்றால் இந்தக் கேமராவின் பாதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

அடுத்த பலம் வ்யூஃபைண்டர். கண்ணை வைத்துப் பார்க்கும்போது லென்ஸ் வழியாக வந்த அதே வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. நடுவில் திரை இல்லை, மின்சாரம் இல்லை, தாமதமும் இல்லை. சித்திரை மாத உச்சிவெயிலில் கைபேசித் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். இதில் காட்சி தெரியும். திரையை எரிக்காததால் பேட்டரியும் நின்று பேசும். ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 500 படம் என்பது நிறுவனம் கொடுக்கும் கணக்கு. அது பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் போடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் அதைத் தாண்டியும் போகும். திரையைப் பார்த்து எடுத்தால் பாதிகூட வராது.

ஆனால் அந்த வ்யூஃபைண்டரிலும் செலவைக் குறைத்திருக்கிறார்கள். விலை கூடிய கேமராக்களில் ஒரே கண்ணாடிக் கட்டியால் ஆன பட்டகம் இருக்கும். இதில் சிறு சிறு கண்ணாடித் தகடுகளை ஒட்டி அதே வேலையைச் செய்கிறார்கள். அதனால் காட்சி கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதோடு அகலத்திலும் உயரத்திலும் 95 சதம்தான் காட்டும். இரண்டையும் பெருக்கினால், பதிவாகும் படத்தில் பத்தில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கே படுவதில்லை. கோபுரத்தை அழகாகச் சட்டத்துக்குள் அடைத்தேன் என்று வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் மின்கம்பி தொங்கும், யாரோ கழற்றிவிட்ட செருப்பு கிடக்கும். எடுத்த படத்தின் நாலு ஓரத்தையும் திரையில் பார்த்துவிட்டு நகரும் பழக்கம் வந்துவிட்டால் இது ஒரு குறையாகவே தெரியாது.

இப்போது ஃபோகஸுக்கு வருவோம். இந்தக் கேமராவின் தலைவிதி இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணை வைத்து எடுக்கும்போது, கேமராவின் அடிப்பாகத்தில் தனியாக ஒரு ஃபோகஸ் சென்சார் வேலை செய்கிறது. லென்ஸின் ஒரு பக்கத்து வெளிச்சத்தையும் மறுபக்கத்து வெளிச்சத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டு உருவமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் லென்ஸைத் தள்ள வேண்டும் என்று ஒரே பார்வையில் அதற்குத் தெரிந்துவிடும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும் இடத்தில் இந்த விலையிலும் சட்டென்று பிடிக்கிறது. இந்த ஒப்பீட்டுக்கு உருவத்தில் ஏதாவது ஒரு கோடோ விளிம்போ வேண்டும். ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் நெடுங்கோடு, கிடைக்கோடு இரண்டையும் உணரும் குறுக்குவகைப் புள்ளி. மற்ற எட்டும் ஒரே திசையில் மட்டும் உணரும். ஓரப்புள்ளியை ஒரு தூணின் விளிம்பில் வைத்துப் பாருங்கள், பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அதே விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் பிடிக்கும், மறுநிலையில் தடுமாறும்.

கேமரா பெட்டியிலிருந்து வரும்போது ஒன்பது புள்ளியும் தானாகத் தேர்ந்துகொள்ளும்படி வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கேமராவுக்கு மிக அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். தேரைக் குறிவைத்தால் முன்னால் நிற்பவர் தலை தெளிவாக இருக்கும். கையில் வாங்கிய அன்றே நடுப்புள்ளி மட்டும் என்று மாற்றிவிடுங்கள். கண்ணில் புள்ளியை வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, சட்டத்தை நகர்த்தி, முழுதாக அழுத்துங்கள். நட்சத்திரக் குறி போட்ட பொத்தானுக்கு ஃபோகஸ் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் தனிப்பயன் அமைப்பில் வழி இருக்கிறது. இரண்டு வாரம் விரலுக்குக் குழப்பமாக இருக்கும். பிறகு விடவே மாட்டீர்கள்.

வெளிச்சம் குறைந்தால் கதை மாறிவிடும். மேல்நிலைக் கேமராக்கள் நிலா வெளிச்சம் போன்ற இருட்டிலும் ஃபோகஸ் செய்யும். 1500டியின் ஃபோகஸ் அதற்கு வெகு முன்பே திணறி, லென்ஸ் முன்னும் பின்னும் அலையத் தொடங்கும். உதவிக்கு என்று தலைமேல் இருக்கும் ஃபிளாஷைப் படபடவென்று விட்டுவிட்டு எரிக்கும் வசதி ஒன்று உண்டு. கூத்து நடக்கும் இடத்தில் அதைச் செய்தால் ஆடுகிறவர் கண்ணும் கூசும், பார்க்கிறவர் முகமும் சுளிக்கும். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக, வெளிச்சம் விழும் ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஆடுகிறவர் அந்த இடத்துக்கு வந்தே தீருவார். இந்தக் கேமராவில் நல்ல படம் எடுத்த பிள்ளைகள் எல்லோரும் காத்திருக்கப் பழகியவர்கள். ஓடி ஓடி எடுத்தவர்கள் அட்டையை நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

திரையைப் பார்த்து எடுக்கும்போது இந்த நிலையும் இல்லை. கண்ணாடி மேலே எழுந்துவிடுவதால் அடியிலிருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் போகாது. படச் சென்சாரே லென்ஸை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்து, எங்கே தெளிவு கூடுகிறது என்று தேட வேண்டும். கேனானின் மற்ற சில கேமராக்களில் உள்ள, படச் சென்சாராலேயே சட்டென்று பிடிக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸ் இதில் கிடையாது. அதனால் திரை வழி ஃபோகஸ் ஒன்றிரண்டு நொடிகூட எடுக்கும். திரையும் அசையாத திரை, தொடுதிரையும் அல்ல. வாசலில் போட்ட கோலத்தைத் தரையோடு தரையாக எடுக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் குப்புறப் படுக்க வேண்டும்.

இனி உங்கள் ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சிற்பம் இந்தக் கேமராவுக்கென்றே அமைந்த வேலை. கல் ஓடாது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் தேர் வடிவ மண்டபத்துக்குக் காலையிலேயே போய், குதிரையின் கழுத்திலும் சக்கரத்தின் ஆரத்திலும் வெயில் பக்கவாட்டில் சாயும் நேரம் பார்த்து நில்லுங்கள். 18-55 லென்ஸை எஃப் 8இல் வையுங்கள், ஐஎஸ்ஓ 100. (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் கூடினால் திறப்பு சிறிது. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்கான உணர்திறன்.) இந்த லென்ஸை இலவசமாக வந்தது என்று பலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எஃப் 8இல் அது தரும் கூர்மை, உளி பட்ட தடத்தைக் காட்டப் போதும். பக்கத்தில் 25 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், விரலில் உள்ள மோதிர வேலைப்பாடுகூட வரும். உள்ளே இருக்கும் நடுக்கத் தடுப்பு, முக்காலி இல்லாமல் எடுக்க உதவும். தொல்லியல் துறை பராமரிக்கும் கோயில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் அது பெரிய உதவி.

சிற்பத்தில் ஒரு சிக்கல் உண்டு. மண்டபத்துக்குள் இருட்டு, வெளியே பிராகாரத்தில் கண்கூசும் வெயில். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவர முயன்று, இருண்ட பகுதியைக் கணினியில் தூக்கினால் இந்தச் சென்சாரில் சீக்கிரமே நிறப்புள்ளிகள் கிளம்பிவிடும். அதே 2018இல் வந்த நிக்கான் டி3500 இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மேல். அதற்கு மாற்றாக 1500டியில் வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் தொடர்ந்து எடுக்கும் வசதி இருக்கிறது. டி3500இல் அது இல்லை. மூன்றையும் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், நிழலை நிழலாகவே விட்டுவிடுங்கள். கருங்கல் மண்டபத்துக்கு இருட்டு அழகுதான்.

பறவைக்கு 55-250. சென்சார் சிறியதாக இருப்பதால் இதில் எந்த லென்ஸும் 1.6 மடங்கு கிட்டக் காட்டும். 250 எம்எம், பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவில் 400 எம்எம் காட்டுவதைக் காட்டும். நெல்லைச் சீமையில் கூந்தன்குளம் போங்கள். மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும். அங்கே இந்த லென்ஸே போதும். கூழைக்கடா, நாரை போன்ற பெரிய பறவைகள் நிதானமாகச் சிறகடித்துப் பறப்பவை. நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ செர்வோ நிலையில் போட்டு நடுப்புள்ளியை உடம்பில் வைத்துக்கொண்டே திரும்பினால் பறக்கும்போதும் பிடிக்கலாம். மீன்கொத்தி பாய்வதையும் தகைவிலான் சுழல்வதையும் இதில் தேடாதீர்கள். நொடிக்கு மூன்று படம்தான் இதன் வேகம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூன்றில் ஒரு நொடி போய்விடும். அதற்குள் மீன்கொத்தி தண்ணீருக்குள் போய் வந்துவிடும். ஜல்லிக்கட்டும் அப்படித்தான். வாடிவாசலில் காளை வெளிவரும் அந்த ஒரே கணத்தை நீங்கள் கண்ணால் கணித்து அழுத்த வேண்டும். கேமரா சேர்த்துப் பிடித்துக்கொடுக்காது. ரா கோப்பில் தொடர்ந்து எடுத்தால் பதினோரு படம் சுமாருக்கு உள்நினைவு நிரம்பி மூச்சுவாங்கும், அதையும் மனதில் வையுங்கள்.

திருவிழா. உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும் வைகாசி மாலையை எடுத்துக்கொள்வோம். பொழுது இருக்கும் வரை 18-55 சமாளிக்கும். இருட்டியதும் அதன் வாய் சிறியது என்பது தெரிந்துவிடும். 55 எம்எம்மில் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் 15இல் ஒரு நொடிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தை நிறுத்தும், ஆடுகிறவரின் ஆட்டத்தை எப்படி நிறுத்தும்? முகம் இழுபட்டுப் போகும். அதே இடத்தில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 15இல் ஒரு நொடி, 150இல் ஒரு நொடியாக மாறும். தீவட்டி வெளிச்சத்தில் வியர்வை மினுங்கும் முகம் அப்படியே நிற்கும்.

2015இல் வந்த அந்த 50 எம்எம் எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார் வகை) லென்ஸ்தான் இந்தக் கேமராவுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய உபகாரம். எடை 160 கிராம் அளவுதான், கேனான் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று. இந்த உடம்பில் அது 80 எம்எம் போலக் காட்டும், முகங்களுக்கு அருமையான தூரம். கூட்டத்துக்குள் மட்டும் பின்னால் நகர இடமில்லாமல் தவிப்பீர்கள், அங்கே 18-55க்குத் திரும்பிவிடுங்கள். எஃப் 1.8இல் கூர்மையாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு. கண்ணில் ஃபோகஸ் வைத்துச் சட்டத்தை நகர்த்தும்போது உடம்பு இம்மி முன்னால் சாய்ந்தாலும் காதுதான் தெளிவாக வரும். எஃப் 2.2, 2.8 என்று வைத்துப் பழகுங்கள்.

கல்யாணத்துக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் ஃபிளாஷ். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் வழக்கமாக ஒரு பெரிய வட்டத் தொடுமுனை இருக்கும். எந்த நிறுவனத்தின் ஃபிளாஷாக இருந்தாலும் எரிய வைப்பது அதுதான். 1500டியில் அந்த நடுமுனையே இல்லை. கேனானின் மொழி பேசும் ஃபிளாஷ் மட்டும்தான் எரியும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கைமுறை ஃபிளாஷும், தள்ளி வைத்த ஃபிளாஷை எரிய வைக்கும் சாதாரண டிரிகரும் மாட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும். மண்டபத்தில் குடை விளக்கு வைத்து எடுக்க நினைக்கிறவருக்கு இது பெரிய முட்டுக்கட்டை. எந்த ஃபிளாஷ் வாங்குவதானாலும் கேமராவைக் கடைக்கு எடுத்துப் போய், மாட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரண்டாவது, மெமரி கார்டு போட ஒரே ஓர் இடம்தான். கார்டு கெட்டால் தாலி கட்டும் படம் போனது போனதுதான், மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமராவைத் தொழில் செய்கிறவர்கள் தேடுவது அதனால்தான். மூன்றாவது, கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில் குறுக்கே கைகள், பூ, அரிசி எல்லாம் பறக்கும். ஒன்பது புள்ளி ஃபோகஸ் அதில் எதைப் பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உதவியாளராகப் போய் வாசல் அலங்காரம், பந்தி, பாட்டிமார் முகங்கள் எடுங்கள். அதற்கு 1500டியும் 50 எம்எம்மும் பிரமாதம். முதன்மை வேலையை மட்டும் இதை வைத்து ஏற்காதீர்கள்.

வீடியோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1080தான், 4கே இல்லை. மைக் செருக இடமில்லை. பதிவு நடக்கும்போது தானாக ஃபோகஸ் பின்தொடராது, லென்ஸின் மோட்டார் சத்தமும் பதிவாகும். வீடியோதான் முக்கியம் என்றால் இதை மறந்துவிடுங்கள்.

எம் நிலைக்கு, அதாவது எல்லாவற்றையும் கையால் அமைக்கும் நிலைக்கு வந்ததும் ஒரு சிறு எரிச்சல் தெரியும். திருப்பும் சக்கரம் ஒன்றே ஒன்று. ஷட்டரை நேராகத் திருப்பலாம். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை மாற்ற, பின்னால் ஏவி என்று எழுதிய பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அதனால் பெரும்பாலும் ஏவி நிலையிலேயே எடுங்கள், அப்பெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் நீங்கள் வையுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. சென்சாரைக் குலுக்கித் தூசி உதறும் அமைப்பு இதில் இல்லை. லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி மாற்றுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறித்துத் தூசியைவிடப் பெரிய வேலையாகிவிடும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பையோடு மூடி வைக்காதீர்கள். நான் அப்படி ஒரு ஐப்பசியில் மூடி வைத்து, தை மாதம் திறந்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. இன்றைக்கும் அந்த லென்ஸை நினைத்தால் மனம் வலிக்கிறது. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், அந்த இழப்பு வந்திருக்காது.

சரி, மிரர்லெஸுக்குக் காத்திருக்கலாமா? 2023இல் கேனானே ஆர்50, ஆர்100 என்ற தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தது. இரண்டும் முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கும். அந்த ஒரு விஷயத்தில் 1500டி பக்கத்தில்கூட நிற்க முடியாது. நிக்கான் 2022இலேயே டி3500ஐ நிறுத்திவிட்டது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் என்ற வகை முடிந்துகொண்டிருக்கிறது என்பது உண்மை. அதனால் 1500டியைப் புதிதாக, முழு விலை கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உறவுக்காரர் குறைந்த விலைக்குத் தருகிறார், உங்களுக்கு ஆசை இன்றைக்கு இருக்கிறது. ஒரு வருடம் கையில் எதுவும் இல்லாமல் காசு சேர்ப்பதைவிட, அந்த ஒரு வருடத்தில் இதை வைத்து வெளிச்சம் பார்க்கப் பழகுவது எவ்வளவோ மேல். 1987 முதல் வந்த கேனான் இஎஃப் லென்ஸ்கள் எல்லாம் இதில் தானியங்கி ஃபோகஸோடு வேலை செய்யும். பழைய லென்ஸ் சந்தை முழுவதும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. டி3500க்கு உடம்பில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் நிக்கானின் பழைய லென்ஸ்கள் பலவற்றைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நாளைக்கு நீங்கள் ஆர் வரிசைக்கு மாறினாலும் இந்த 50 எம்எம்மை ஓர் அடாப்டர் போட்டு அதிலும் மாட்டிக்கொள்ளலாம். மாமா மகன் சொல்லும் விலை புது ஆர்100 விலைக்கு அருகில் போனால் மட்டும், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது வெயில் இருக்கும் நேரமாகப் போங்கள். எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியதுதான், பயப்பட வேண்டாம். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கமிருந்து கைபேசி டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதைப் படக் கோப்பில் பார்க்க முடியாது, யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளில்தான் படிக்க வேண்டும். 55-250 லென்ஸில் எஸ்டிஎம் என்று எழுதியிருந்தால் அது கூடுதல் அதிர்ஷ்டம், ஐஎஸ் II என்ற பழைய வகையைவிட அது கூர்மையானது. கடைசியாகப் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். புது எல்பி-இ10 பேட்டரிக்கு ஆகும் காசை விலையில் கழித்துக்கொள்ளும்படி மாமா மகனிடம் அங்கேயே பேசிவிடுங்கள்.